சின்ன கம்பெனிக்கு வெளி வக்கீல் வைக்கிறப்ப எதைப் பாத்து வைக்கணும்?

தம்பி, நீங்க கேட்டதை மத்தவங்களுக்கும் புரியுற மாதிரி ஒருக்கா சொல்லிடுறேன். மதுரைகிட்ட கப்பலூர்ல ரப்பர் பார்ட்ஸ் பண்ற யூனிட், அப்பா ஆரம்பிச்சது, இப்ப நீங்க பாக்குறீங்க, இருபத்தஞ்சு பேர் வேலை. கோயம்புத்தூர் பார்ட்டி ஒருத்தர் 14 லட்சம் பாக்கி வச்சு, இழுத்து இழுத்து கடைசில மொத்தத்துக்கும் ஒரு செக் கொடுத்து, அதுவும் ரிட்டர்ன் ஆயிருச்சு. இன்னொரு பக்கம் புனேல இருந்து ஒரு பெரிய கம்பெனி 40 பக்கத்துக்கு சப்ளை அக்ரிமெண்ட் அனுப்பிட்டு எப்ப கையெழுத்துப் போட்டு அனுப்புவீங்கன்னு தினமும் மெயில் போடுறாங்க. வீட்டுப் பத்திரம் பாக்குற வக்கீல் ஒருத்தர் சொந்தத்துலயே இருக்காரு, அவரே போதுமா, இல்ல மாசாமாசம் பணம் கட்டி ஒரு ஆபீஸ் பிடிக்கணுமா, பேசாம சென்னைக்குப் போயிரலாமான்னு கேக்குறீங்க.

நான் வக்கீல் இல்ல. தயாரிப்புக் கம்பெனில நிர்வாகம் பாத்தவன், வக்கீல் தேடுறது, கேஸ் கட்டு ரெடி பண்றது, பீஸ் பேசுறது, வாய்தா அன்னிக்கு கோர்ட்டுல போயி நிக்கிறது எல்லாம் ரொம்ப வருஷமா என் பொறுப்பு. அதனால கம்பெனி பக்கம் இருந்து பாத்தா எப்படின்னு சொல்றேன். நான் பாத்தவரை சின்ன யூனிட்டுங்க கேஸ்ல தோக்குறது சட்டம் எதிரா இருந்து தோக்குறதை விட தேதியைக் கோட்டை விட்டுத் தோக்குறது தான் ஜாஸ்தி. அதனால பேரு, ஆபீஸ் பெருசு, சொந்தம், இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க, உங்க விஷயத்துல எந்தத் தேதிக்குள்ள என்ன செய்யணும்னு முதல் சந்திப்புலயே கேட்டு எழுதி வைக்கிற ஆளா அவரு.

செக்குல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா உங்களுக்கு கடிகாரம் ஏற்கனவே ஓட ஆரம்பிச்சிருச்சு. பேங்க்ல இருந்து ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் அனுப்பியாகணும். பார்ட்டிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாள்ல இருந்து 15 நாள் அவருக்கு டைம், அதுக்குள்ள கட்டலைன்னா அதுல இருந்து ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டுல 138 கம்ப்ளைன்ட், அதாவது செக் ரிட்டர்னுக்கான 138-வது பிரிவுப் புகார், போடணும். கம்ப்ளைன்ட் கொஞ்சம் லேட்டானா தகுந்த காரணம் சொல்லி கோர்ட்டுல மன்னிப்புக் கேக்க வழி இருக்கு, ஆனா நோட்டீஸ் 30 நாள் தாண்டிருச்சுன்னா அதுக்கு மன்னிப்பு கிடையாது. அப்படித் தாண்டிருந்தாலும் செக் தேதில இருந்து 3 மாசம் முடியலைன்னா மறுபடி ஒருக்கா பேங்க்ல போட்டு, புதுசா ரிட்டர்ன் வாங்கி, புதுசா நோட்டீஸ் விடலாம், சுப்ரீம் கோர்ட்டே இது செல்லும்னு சொல்லிருக்கு. நோட்டீஸ்ல செக் தொகை அப்படியே இருக்கணும், வட்டி செலவு எல்லாம் சேத்து ஒரே தொகையாக் கேட்டுட்டு செக் தொகையைத் தனியாச் சொல்லாம விட்டா அதை வச்சே எதிர் பார்ட்டி வெளில வந்துருவான். கம்பெனி பேர்ல உள்ள செக்னா கையெழுத்துப் போட்டவர் மேல மட்டும் கேஸ் போட்டா பத்தாது, கம்பெனியையும் சேர்க்கணும். பார்ட்டி கோயம்புத்தூரா இருந்தா என்ன, நீங்க செக்கைப் போட்ட உங்க அக்கவுண்ட் மதுரை பிராஞ்ச்ல இருந்தா கேஸ் மதுரைல தான், 2015-ல திருத்தம் வந்ததுல இருந்து இப்படித்தான், அதனால கோயம்புத்தூருக்கு அலையணுமேன்னு பயந்து சமாதானத்துக்குப் போக வேண்டியதில்ல.

இவ்வளவும் ஏன் சொல்றேன்னா, இந்த வேலைக்கு எந்த மாதிரி ஆள் வேணும்னு இதுலயே தெரிஞ்சிருக்கும். பத்திரம் பாக்குற உங்க சொந்தக்காரர் வில்லங்கம் பாத்து ஒப்பீனியன் கொடுக்குறதுல கெட்டிக்காரரா இருக்கலாம், ஆனா 138 கேஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல நடக்குறது, அங்க வாராவாரம் நிக்கிறவருக்குத் தான் எந்த கோர்ட்டுல எவ்வளவு வேகம், எந்த ஸ்டேஜ்ல 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேக்கலாம், சம்மன் போய்ச் சேராம இழுத்தா என்ன பண்ணணும்னு கைப்பழக்கம் இருக்கும். சொந்தக்காரர்ங்கறதுல இன்னொரு கஷ்டம் இருக்கு, உங்களுக்கு பீஸ் பேசக் கூச்சம், அவருக்குக் கேக்கக் கூச்சம், ஆறு மாசம் கழிச்சு "மாமா என்னாச்சு"ன்டு கேக்க வாய் வராது, கட்டு அடியில போயிரும். அவரை விட்றவும் வேணாம், "மாமா, செக் கேஸ் நல்லா நடத்துறவர் யாரு, நீங்களே சொல்லுங்க"ன்னு கேளுங்க. பார்ல இருக்குறவங்களுக்கு யார் வேலைக்காரர் யார் வாய்தாக்காரர்னு நம்மளை விட நல்லாத் தெரியும், அவருக்கும் மரியாதையா இருக்கும்.

அடுத்து ஒரு சோதனைக் கேள்வி சொல்றேன். 14 லட்சம் பாக்கின்னு நீங்க சொன்னதும் அவரு "உத்யம் பதிவு (சின்னத் தொழில்னு அரசுகிட்ட பண்ற பதிவு) இருக்கா, எப்ப எடுத்தீங்க, இந்த சப்ளைக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேக்குறாரான்னு பாருங்க. கேக்காம நேரா சிவில் சூட் போட்ருவோம்னு கிளம்புனா அவருக்கு யூனிட் நடத்துறவங்க விஷயம் பழக்கமில்லைன்னு அர்த்தம். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி சின்ன உற்பத்தியாளர்கிட்ட சரக்கு வாங்குனவன் பேசிக்கிட்ட நாளுக்குள்ள கட்டணும், எப்படிப் பேசிருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக் கூடாது, எதுவுமே பேசலைன்னா 15 நாள். தாண்டுனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. இதுக்குன்னு வசூல் கவுன்சில் இருக்கு, தமிழ்நாட்டுல சென்னை, கோவை, திருச்சியோட மதுரைலயும் ஒண்ணு இருக்கு, வாங்குனவன் இந்தியால எங்க இருந்தாலும் சப்ளை பண்ணவர் ஊர் கவுன்சில்லயே மனு போடலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகணும்னா எதிர் பார்ட்டி 75 சதவீதத்தை முதல்ல கட்டணும், சும்மா அப்பீல் போட்டு இழுக்க முடியாது. வருமான வரிலயும் லேட்டாக் கட்டுன தொகையை, கட்டுன வருஷத்துல தான் அவன் செலவாக் காட்ட முடியும், இதை நோட்டீஸ்ல ஒரு வரி நல்லா எழுதுனா அவனோட ஆடிட்டரே அவனை நெருக்குவாரு. 90 நாள்ல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறைல அதை விட ஜாஸ்தி ஆகுது, அதையும் தெரிஞ்சுக்கோங்க. வாங்கி விக்கிற டிரேடர்களுக்கு உத்யம் இருந்தாலும் இந்த வழி கிடையாது, கடனுக்கு முன்னுரிமை மட்டும் தான், நீங்க உற்பத்தி பண்றதால உங்களுக்கு இருக்கு.

138-ம் கவுன்சில் மனுவும் ஒண்ணுக்கொண்ணு தடை இல்ல, ரெண்டையும் சேத்து நடத்தலாம். சிவில் சூட் தான் வேணும்னா கணக்குப் பாத்துக்கோங்க, தமிழ்நாட்டுல கோர்ட் பீஸ் முன்னாடி ஏழரை சதவீதம் இருந்தது, 2017-ல 3 சதவீதமா குறைச்சாங்க, 14 லட்சத்துக்கு 42,000 ஆகும். 3 லட்சத்துக்கு மேல உள்ள வியாபார வழக்குன்னா அவசர உத்தரவு எதுவும் கேக்காத பட்சத்துல முதல்ல மீடியேஷனுக்கு (சமரசப் பேச்சுக்கு) போயிட்டுத் தான் சூட் போட முடியும், அதைத் தாண்டிப் போட்டா சூட்டே நிக்காதுன்னு 2022-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. இதைச் சொல்லாம "நாளைக்கே ஃபைல் பண்ணிருவோம்"னு சொல்றவர்ட்ட ஒரு நிமிஷம் யோசிங்க. வசூலுக்கு பொதுவா 3 வருஷம் தான் கெடு, அதுக்குள்ள அவன் எழுத்துல பாக்கியை ஒத்துக்கிட்டா அந்தத் தேதில இருந்து புதுசா 3 வருஷம் கிடைக்கும், அதனால வருஷா வருஷம் மார்ச் 31-க்கு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கையெழுத்து வாங்குற பழக்கத்தை எல்லா பார்ட்டிகிட்டயும் கொண்டு வாங்க. இன்னொன்னு, திவால் கோர்ட்டுக்கு இழுத்துருவோம்னு யாராவது நோட்டீஸ் அடிச்சுத் தர்றேன்னா காசைக் கொடுத்துறாதீங்க, 2020-ல இருந்து அதுக்குக் குறைஞ்சது 1 கோடி பாக்கி இருக்கணும்.

சரி, எங்க தேடுறது. வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, அதனால இன்ஸ்டால ரீல்ஸ் போட்டு நூறு சதவீதம் வெற்றின்னு சொல்றவங்களை விட்டு ஒதுங்கிருங்க, விதியை மதிக்காதவர் உங்க கெடுவை மட்டும் மதிப்பாரான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கப்பலூர்லயே உங்க மாதிரி யூனிட் வச்சு பாக்கி வசூல் பண்ணவங்க இருப்பாங்க, மடீட்சியா, தமிழ்நாடு சேம்பர் மாதிரி சங்கக் கூட்டங்கள்ல விசாரிச்சா ரெண்டு மூணு பேரு திரும்பத் திரும்ப வரும். ஆடிட்டர்ட்ட கேளுங்க. பேங்க் மேனேஜர்ட்டயும் கேக்கலாம், ஆனா அவங்க பேனல் வக்கீலை எடுத்தா நாளைக்கு அதே பேங்க்கோட உங்களுக்கு வழக்குன்னு வந்தா அவரு உங்க பக்கம் நிக்க முடியாது, அதை மனசுல வச்சுக்கோங்க. பேரு கிடைச்சதும் கோர்ட் கேஸ் விவரம் காட்டுற ஈகோர்ட்ஸ் ஆப்ல வக்கீல் பேரு போட்டுத் தேடுங்க, என்னென்ன கேஸ் நடக்குது, எந்த ஸ்டேஜ்ல கிடக்குதுன்னு இலவசமாவே பாக்கலாம். முடிஞ்சா ஒரு நாள் காலைல ஜில்லா கோர்ட்டுக்குப் போயி அவரு ஆஜராகுற ஹால்ல பின்னாடி உக்காந்து பாருங்க, யாரும் தடுக்க மாட்டாங்க. கட்டைப் பிரிச்சுப் படிச்சுட்டு வந்து பேசுறாரா, ஜூனியரை அனுப்பி வாய்தா கேக்குறாரான்னு அரை நாள்ல தெரிஞ்சு போயிரும். இதைச் செய்ற முதலாளிங்க ரொம்பக் கம்மி, ஆனா இதை விட நல்ல விசாரணை எனக்குத் தெரியாது.

மதுரைல ரெண்டு தனித்தனி உலகம் இருக்குங்கறதையும் புரிஞ்சுக்கோங்க. மேலூர் ரோட்டுல டவுனை ஒட்டி இருக்குற ஜில்லா கோர்ட் வளாகம் ஒண்ணு, அதே ரோட்டுல இன்னும் தள்ளி ஒத்தக்கடைகிட்ட உலகனேரில இருக்குற ஹைகோர்ட் பெஞ்ச் இன்னொண்ணு. பெஞ்ச் 2004 ஜூலை 24-ல வந்தது, அதுக்கு முன்னாடி அரசு உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டுல ஒரு ரிட் மனு போடணும்னாலும் மெட்ராசுக்கு ரயில் ஏறணும், அந்த அலைச்சல் பட்டவங்களுக்குத் தான் இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். பெஞ்ச்ல தினமும் ரிட் நடத்துறவர் பெரும்பாலும் ஜில்லா கோர்ட்டுல சாட்சி விசாரணை நடத்த வரமாட்டாரு, இங்க குறுக்கு விசாரணைல புலியா இருக்குறவர் அங்க போய் ஸ்டே வாங்குற வேலைல பழகிருக்க மாட்டாரு. லேபர் கோர்ட் தனி, கடன் வசூல் தீர்ப்பாயம் தனி, ரெண்டும் மதுரைலயே இருக்கு. அதனால ஒரே ஆள் எல்லாத்தையும் பாப்பாருன்னு எதிர்பாக்காதீங்க. "இது என் லைன் இல்ல, இன்னாரைப் பாருங்க"ன்னு சொல்ற வக்கீல் கிடைச்சா அவரை விட்றாதீங்க, அவரு தான் உங்களுக்கு வேணும்.

முதல் சந்திப்புக்குப் போறப்ப கதை சொல்லப் போகாதீங்க, காகிதத்தோட போங்க. ஒரே ஒரு பக்கம் தேதி வாரியா எழுதுங்க, எப்ப ஆர்டர் வந்துச்சு, எப்ப சரக்கு போச்சு, எப்ப எவ்வளவு கட்டுனான், எப்ப செக் கொடுத்தான், எப்ப ரிட்டர்ன். கூடவே பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், சீல் போட்ட டெலிவரி சலான், இ-வே பில், லெட்ஜர், பேங்க் மெமோ. வாட்ஸாப்ல "அடுத்த வாரம் போட்டுர்றேண்ணே"ன்னு அவன் எழுதுனது எல்லாம் ஆதாரம், அந்த போனை மாத்தவோ சாட்டை அழிக்கவோ கூடாது, எலக்ட்ரானிக் ஆதாரத்தைக் கோர்ட்டுல போட புது சாட்சியச் சட்டம் 63-வது பிரிவு சர்ட்டிபிகேட் வேணும், அதுக்கு மூல சாதனம் முக்கியம். சரக்குல குறைன்னு அவன் என்னிக்காவது மெயில் போட்டிருந்தா அதையும் மறைக்காம காட்டுங்க. உங்க வக்கீல்ட்ட நீங்க சொல்றதை அவரு வெளில சொல்லக் கூடாதுன்னு சாட்சியச் சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு, குத்தம் பண்றதுக்கு யோசனை கேட்டா மட்டும் அது கிடையாது. எதிர் பார்ட்டி கைல இருக்குற காகிதத்தை உங்க வக்கீல் முதல் தடவையா குறுக்கு விசாரணைல பாக்குற நிலைமை வந்தா அன்னிக்கே கேஸ் பாதி போச்சு. அவரு எழுதித் தர்ற ஆலோசனையை மேனேஜர், சூப்பர்வைசர் இருக்குற க்ரூப்ல போட்டுப் பரப்பாதீங்க.

நீங்க அவர்ட்ட கேக்க வேண்டியது: எதிர் பார்ட்டிக்கு ஏற்கனவே வேலை பாத்திருக்காரா, கோர்ட்டுல நிக்கப் போறது அவரா ஜூனியரா, எதிர்தரப்பு என்ன சொல்லும்னு நினைக்கிறாரு, மோசமாப் போனா எவ்வளவு இழப்பு. கடைசிக் கேள்விக்கு நேராப் பதில் சொல்றவரை நான் மதிப்பேன். ஜெயிச்சுரலாம்னு மட்டும் சொல்றவர் உங்களுக்கு ஆறுதல் சொல்றாரு, அவ்வளவு தான். ஜூனியர் நிக்கிறது தப்பு இல்ல, நல்ல ஜூனியர் நம்ம கட்டை சீனியரை விட நல்லாப் படிச்சிருப்பாரு, அது யாருன்னு முதல்லயே அறிமுகப்படுத்தச் சொல்லுங்க, நம்பர் வாங்கிக்கோங்க, ஆபீஸ் குமாஸ்தா நம்பரும் சேத்து.

பீஸ். இதுல தான் நம்ம ஆளுங்க ரொம்பக் கூச்சப்படுறாங்க, "பாத்துக் கொடுங்க"ன்னு அவரு சொல்ல, "பாத்துச் செய்யுறேன் சார்"னு இவரு சொல்ல, ஒரு வருஷத்துல ரெண்டு பேருக்கும் மனக்கசப்பு. ஸ்டேஜ் வாரியாப் பேசுங்க, நோட்டீஸுக்கு இவ்வளவு, ஃபைலிங்குக்கு இவ்வளவு, சாட்சி முடிஞ்சா இவ்வளவு, வாதம் முடிஞ்சா இவ்வளவு, அப்பீல் தனி, கோர்ட் பீஸ், டைப்பிங், பேட்டா எல்லாம் இதுல சேத்தியா சேராதான்னு. பேசுனதை அன்னிக்கு ராத்திரியே ஒரு மெயில்ல மரியாதையா எழுதி அனுப்பிருங்க, "சார் இன்னிக்கு பேசுனபடி"ன்னு ஆரம்பிச்சா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வசூல்ல இத்தனை சதவீதம்னு யாராவது கேட்டா வேணாம்னு சொல்லிருங்க, ஜெயிச்சா பங்குங்கற ஏற்பாடு பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. பணத்தை பேங்க் வழியாவே கொடுங்க. வக்கீல் பீஸுக்கு ஜிஎஸ்டி அவரு போட மாட்டாரு, ரிவர்ஸ் சார்ஜ்ல 18 சதவீதம் நீங்க கட்டி இன்புட் கிரெடிட் எடுக்கணும், வருஷத்துல 50,000 தாண்டுனா 10 சதவீதம் டிடிஎஸ். இதை கணக்குப் பாக்குறவர்ட்ட இப்பவே சொல்லி வைங்க, நெறைய பேர் ரிவர்ஸ் சார்ஜை விட்டுட்டு ஆடிட்ல வட்டியோட கட்டுறாங்க.

மாச ரிடெய்னர் உங்க சைஸுக்கு இப்ப வேணாம்னு தான் சொல்வேன். மாசம் நாலஞ்சு அக்ரிமெண்ட், அடிக்கடி நோட்டீஸ், வேற ஊர் டெண்டர்னு வர ஆரம்பிச்சா யோசிங்க. அப்பவும் ரிடெய்னர்ல என்னென்ன அடக்கம்னு எழுதாம மாசப் பணம் மட்டும் போயிட்டு இருந்தா நீங்க கூப்பிடக் கூச்சப்படுவீங்க, அவரு உங்களை மறந்துருவாரு. சம்பளத்துக்கே ஒரு வக்கீலை ஆபீஸ்ல உக்கார வைக்கலாமான்னு சில பேர் கேப்பாங்க, முழுநேர சம்பளத்துல இருக்குறவர் வக்கீலா கோர்ட்டுல ஆஜராக முடியாது, அப்ப அந்த வேலைக்கு வெளி ஆள் வேணும் தான.

புனே அக்ரிமெண்ட்டுக்கு வருவோம், எனக்கு செக்கை விட இது தான் பயம். செக்குல போறது 14 லட்சம், இதுல கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டா யூனிட்டே சிக்கும். இதுக்கு கோர்ட்டுல கத்துற ஆள் தேவையில்ல, உக்காந்து வரி வரியாப் படிச்சு எழுதுற ஆள் வேணும், அவரு எந்த ஊர்ல இருந்தாலும் சரி, மெயில்லயே முடிச்சிரலாம். அவர்ட்ட நாப்பது பக்கத்துக்கும் சிவப்பு மை கேக்காதீங்க, "நான் சண்டை போட வேண்டிய அஞ்சு இடம் எது"ன்னு ரெண்டு பக்கக் குறிப்பு கேளுங்க. என் கண்ணு போற இடத்தைச் சொல்றேன். நஷ்ட ஈடு பொறுப்புக்கு உச்சவரம்பு இருக்கா, ஒரு ரப்பர் சீல் ஃபெயிலானதுக்கு வண்டி முழுக்கத் திரும்ப வாங்குற செலவையும் உங்க தலைல கட்ற மாதிரி எழுதிருப்பாங்க, உங்க சப்ளை மதிப்பை வச்சு ஒரு வரம்பு கேளுங்க. ரிஜெக்‌ஷன் எத்தனை நாளுக்குள்ள சொல்லணும். டை, மோல்டு யாருக்குச் சொந்தம், ஆர்டர் நின்னா அந்தச் செலவு யாருது. ரப்பர் விலை ஏறுனா ரேட் மாறுமா. வேற பில்லுல உள்ள தகராறுக்கு இந்த பில்லுல பிடிச்சுக்குற உரிமையை அவங்களே எழுதிக்கிட்டாங்களா. பணம் 90 நாள்னு போட்டிருந்தா, நீங்க உத்யம்ல மைக்ரோ இல்ல ஸ்மால் யூனிட்டா இருந்தா 45 நாளுக்கு மேல எழுதுனது செல்லாது, அதைச் சொல்லியே பேசலாம்.

அப்புறம் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதிலா நடுவர் வச்சுத் தகராறு தீக்குறது, எங்க நடக்கும்ங்கற வரி. புனேன்னு தான் போட்டிருப்பாங்க. அது இருந்தா தகராறு வந்தா அங்க ஒரு வக்கீல், அங்க போக்குவரத்து, அந்த ஊர் கோர்ட். மதுரை கேளுங்க, கொடுக்கலைன்னா சென்னை கேளுங்க. அதுக்கும் ஒத்துக்கலைன்னாலும் முழுசா கதவு மூடலை, ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருந்தாலும் எம்எஸ்எம்இ கவுன்சில் வழி அதுக்கு மேலன்னு 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அதனால பாக்கி வசூல் மட்டும்னா மதுரைல இருந்தே நடத்தலாம். இன்வாய்ஸ்ல மதுரை கோர்ட் எல்லைக்குட்பட்டதுன்னு அச்சடிச்சிருக்கோமேன்னு நம்பி இருக்காதீங்க, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட்டுல வேற மாதிரி இருந்தா அது தான் முன்னால நிக்கும். பேச்சுவார்த்தைக்கு வக்கீலை அனுப்பாதீங்க, அவங்க பர்ச்சேஸ் மேனேஜர்ட்ட நீங்களே பேசுங்க, வக்கீல் பின்னால இருந்து வரியை எழுதித் தரட்டும். கையெழுத்து ஆகுறதுக்கு முன்னாடி அவங்க ஆர்டர் போட்டு நீங்க சரக்கு அனுப்ப ஆரம்பிச்சுட்டா ஆர்டருக்குப் பின்னால அச்சடிச்ச கண்டிஷன் எல்லாத்துக்கும் சம்மதிச்சதா வாதம் பண்ணுவாங்க, அதனால அவசரம்னாலும் ஒரு வாரம் பொறுங்க.

வக்கீல் வச்சாச்சு, இனி அவரு பாத்துக்குவாருன்னு விட்றக் கூடாது. வக்காலத்துல கையெழுத்துப் போடுறப்ப எந்தக் கேஸுக்குன்னு எழுதுனதுக்கு அப்புறம் போடுங்க, கட்டுக்கட்டா வெத்துப் பேப்பர்ல போடாதீங்க. ஒரிஜினல் கொடுத்தா வாங்குனதுக்கு ஒரு வரி எழுதி வாங்குங்க, ஃபைல் பண்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பி உங்க ஆபீஸ் கட்டுல இருக்கணும். கேஸ் நம்பர் ஆனதும் சிஎன்ஆர் நம்பர் (ஈகோர்ட்ஸ்ல ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி அடையாள நம்பர்) வாங்கிக்கோங்க, 16 எழுத்து இருக்கும், ஆப்ல போட்டா அடுத்த வாய்தா, அன்னிக்கு என்ன நடந்துச்சு எல்லாம் தெரியும். ஆபீஸ்ல ஒரே ஒருத்தர் கைல இந்த டைரி இருக்கட்டும். நான் பாத்த ஒரு யூனிட்ல கோர்ட் சம்மன் வந்ததை கேட்டுல இருந்தவர் வாங்கி டிராயர்ல போட்டுட்டாரு, முதலாளிக்குத் தெரியாது, இவங்க தரப்பு ஆஜராகாததால எக்ஸ்பார்ட்டி டிக்ரி (ஒருதலைத் தீர்ப்பு) ஆகி, நிறைவேத்து மனுல பேங்க் அக்கவுண்ட் முடங்குன அன்னிக்குத் தான் தெரிஞ்சது. சம்பள நாள் அது, அந்தத் தொழிலாளிங்க நின்ன நிலை இன்னும் எனக்கு ஆறலை. வியாபார வழக்குல பதிலுரை போட 30 நாள், கோர்ட் நீட்டிச்சாலும் மொத்தம் 120 நாள், அதுக்கு மேல கோர்ட்டே நினைச்சாலும் வாங்க முடியாது. யார் கையெழுத்துப் போட்டு எந்தத் தபாலை வாங்குறாங்கன்னு ஒரு ரிஜிஸ்டர் போடுங்க.

ஜிஎஸ்டி நோட்டீஸும் இதே கதை தான், இப்ப தபால்ல வராம போர்ட்டல்லயே கிடக்குது, எந்த மெனுவுல போட்டாங்கன்னு தேடிக் கண்டுபிடிக்கணும். பதில் எழுதுறது ஆடிட்டர் வேலை, அதுல அவரு தான் கெட்டி. ஆனா தொகை பெருசா இருந்தா பதில் எழுதுற ஸ்டேஜ்லயே வக்கீலையும் உக்கார வைங்க, ஏன்னா ஆர்டர் ஆயிட்டா அப்பீலுக்கு 3 மாசம், காரணம் சொன்னா இன்னும் ஒரு மாசம், தகராறுல உள்ள வரில 10 சதவீதம் கட்டணும், அதையும் தாண்டுனா ஒத்தக்கடைல ரிட் போட்டு கோர்ட் மனசு வைக்கணும். முதல் பதில்ல எழுதாததை அங்க போயி புதுசாச் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

வக்கீலோட ஒத்து வரலைன்னா மாத்தலாம், அதுக்கு அவரு சம்மதம் எழுதிக் கொடுக்குறது வழக்கம், கொடுக்கலைன்னா கோர்ட் அனுமதியோட புது வக்காலத்து போடலாம். பீஸ் பாக்கின்னு சொல்லி கேஸ் கட்டைப் பிடிச்சு வச்சுக்க அவருக்கு உரிமை கிடையாதுன்னு 2000-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதுக்காக உழைச்ச பீஸைக் கொடுக்காம போறதும் நியாயம் இல்ல, கணக்கு முடிச்சு மரியாதையாப் பிரிங்க, அதே பார்ல தான் நாளைக்கும் நீங்க நிக்கணும். வேலை சரியில்லைன்னு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது, 2024 மே 14-ல வந்த தீர்ப்புல அந்த வழி அடைஞ்சிருச்சு. ஒழுங்கீனம்னா தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம், அது அவர் மேல நடவடிக்கைக்கு, உங்க நஷ்டம் அதுல திரும்ப வராது. அதனால தான் எடுக்கும்போதே இவ்வளவு விசாரிக்கச் சொல்றேன்.

கடைசியா சென்னை. கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்னா தமிழ்நாட்டுக்கே சென்னைல தான், டிரேட்மார்க் ஆபீஸும் அங்க தான், அந்த மாதிரி வேலைக்கு அங்க தினமும் ஆஜராகுறவரை வைங்க. உங்க செக்குக்கும் கவுன்சில் மனுவுக்கும் சென்னை ஆபீஸ் பிடிச்சா அவங்க மதுரைல ஒரு வக்கீலைத் தான் நிக்க வைப்பாங்க, நீங்க ரெண்டு பீஸ் கொடுப்பீங்க. சென்னைல வேலை வந்தா இங்க உள்ள வக்கீல் வழியாவே போகலாம், பீஸ் ரெண்டு பேருக்கும் தனித்தனியாப் பேசிக்கோங்க, வக்காலத்துல அங்க நிக்கிறவர் பேரு இருக்கான்னு பாருங்க. பெரிய சீனியர் வேணும்னு தோணுனாலும் கோர்ட் பட்டம் கொடுத்த சீனியர் அட்வகேட் நேரடியா வக்காலத்து போட மாட்டாரு, கட்டைத் தயார் பண்ணி அவருக்கு எடுத்துச் சொல்ல நம்ம வக்கீல் கண்டிப்பா வேணும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி சீனியர் எந்தத் தேதில நிப்பாருன்னு மட்டும் கேட்டுக்கோங்க.